கயிற்றில் தொங்கிய கம்பளி

பிள்ளைகளே, இப்போதெல்லாம் நாடக மேடையில் திரைக்குப் பின்னாலேயே சுவிட்சு இருக்கிறது. நான் கல்யாணம் ஆகாமல் இருந்த காலத்தில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி இல்லை. நாங்கள் குடியிருந்த லயங்களில் குப்பி விளக்குதான். மின்சாரம் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் மட்டும். நான் அங்கே இஞ்சின் அறையில் வேலை பார்த்தேன். திருவிழா நாடகத்துக்கு ஸ்டோரிலிருந்து கம்பி இழுத்து மேடையில் நான்கு பல்பு போடத் தோட்டத்தை நடத்திய துரை சம்மதித்தார். ஆனால் சுவிட்சு இஞ்சின் அறையிலேயே இருக்க வேண்டும் என்றார்.

இஞ்சின் சத்தத்தில் மேடையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. எப்போது விளக்கை அணைப்பது, எப்போது போடுவது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. மேடை ஓரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மூடுபனி இறங்கியதும் டார்ச்சும் தெரியவில்லை. கடைசியில் மேடையிலிருந்து என் அறை வரை ஒரு கயிறு கட்டி, என் பக்க நுனியில் கல் போட்ட தகரக் குவளையைத் தொங்கவிட்டோம். ஒரு தரம் குலுங்கினால் அணைக்க வேண்டும், இரண்டு தரம் குலுங்கினால் போட வேண்டும்.

ராஜா வேஷம் எங்கள் கங்காணிக்கு. அவர் மகளைத்தான் நான் பெண் கேட்டிருந்தேன். அவர் பதில் சொல்லாமலே இருந்தார்.

“இஞ்சின்காரா, ராஜா சாகும்போதுதான் வெளக்கு அணையணும். அதுக்கு முந்தி அணைஞ்சா பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாடகத்தன்று ராஜா தர்பாரில் பாடிக்கொண்டிருந்த நேரம், குவளை ஒரு தரம் குலுங்கியது. அணைத்தேன். மறுபடி குலுங்கவே இல்லை. மனது கேட்காமல், கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே இருட்டில் இறங்கினேன். பாதி வழியில் ஈரக் கம்பளி ஒன்று கையில் தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கங்காணியின் சம்சாரம். கம்பளியை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். ராஜா இருட்டிலும் பாட்டை நிறுத்தவில்லை.

நாடகம் முடிந்ததும் கங்காணி கிரீடத்தோடேயே வந்தார்.

“கயித்துல கை வச்சது எவன்?”

“பனியில நனைஞ்சு கயிறு தானா இழுத்துக்கிச்சுங்க” என்றேன்.

“அந்தத் தம்பி பொய் சொல்லுது. நாந்தான் கம்பளியப் போட்டேன். கயிறு கட்டிக் கெடந்தா ஈரத்துணி போட மாட்டாங்களா?” என்றார் அவர் சம்சாரம்.

“ராஜா பாடிக்கிட்டு இருக்கேன், ஒனக்குக் கம்பளி காயணுமாக்கும்.”

“இருட்டுல பாடுனதுதான் நல்லா இருந்துச்சு. மூஞ்சி தெரியல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, அடுத்த வருசம் கயித்த ஆள் ஒசரத்துக்கு மேல கட்டுங்க” என்றார்.

உங்கள் அம்மா பக்கத்தில்தான் அந்தக் கம்பளியைப் பிழிந்துகொண்டு நின்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை.