மெர்ல் டீட்ஸ் பார்க்காத ஆட்டங்கள்

மெர்ல் டீட்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. இண்டியானாவின் கோகோமோ ஊரில் கார் கியர் செய்யும் ஆலையில் அவரோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பல் வலித்தால்கூட நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் மருத்துவரிடம் போவார். அப்படிப்பட்ட ஆளைத் தேடிப்பிடித்து, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஒரு ரகசியத்தை ஒப்படைத்தார்கள் என்றால், ஒப்படைத்தவர்களின் தைரியத்தைத்தான் மெச்ச வேண்டும்.

நாட்டில் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற நிறுவனம் ஒன்று அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. டிவிக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். ஆளுக்கொரு பொத்தான். முதல் பொத்தான் மெர்லுக்கு, அடுத்தது அவர் மனைவி நெல்டாவுக்கு. டிவி முன்னால் உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்து போனாலும் அழுத்த வேண்டும். பொருத்த வந்த பெண் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் மெர்லைத் தூக்கிவாரிப் போட்டது. எல்லா வீட்டிலும் பெட்டி வைக்க முடியாதாம். அதனால் இந்த ஒரு வீடு பல ஆயிரம் வீடுகளுக்குச் சமமாம்.

அன்றிலிருந்து மெர்ல் சோபாவில் உட்கார்ந்த தோரணையே வேறு. ஆட்டத்தின் நடுவே அவர் எழுந்தால் நெல்டா விடமாட்டாள்.

"யோவ், எங்க போற? உன் கூடவே ஒரு ஊரே எந்திரிச்சு பாத்ரூம் போகுது பாரு. அடக்கிக்கிட்டு உக்காரு."

இருவரும் பார்த்தது பெரும்பாலும் கூடைப்பந்துதான். இண்டியானாவில் தேவாலயத்துக்குப் போகாதவன்கூட உண்டு, கூடைப்பந்து பார்க்காதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆலை வேலை முடிந்து வந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடுவது கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்கள் வழக்கம். ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் நெல்டாவுக்குச் சோறு தண்ணீர் நினைவே இருக்காது. தட்டு அப்படியே ஆறிப்போகும். பொறுத்துப் பார்த்த மெர்ல் ஒருநாள் சட்டம் போட்டார். நம் அணி பந்தைக் கூடையில் போட்டால் அவள் ஒரு வாய் சாப்பிட வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்தது உடம்பில் ஊறிவிட்டது. பந்து விழும், மெர்ல் இரண்டு கையையும் தூக்கிக் கத்துவார், நெல்டாவின் கரண்டி வாய்க்குப் போகும். அணி மோசமாக ஆடிய பருவங்களில் அவள் இளைத்துப்போனதாக அவளுடைய அண்ணன் டுவைட் சொல்லிச் சிரிப்பான்.

பெட்டி வந்த மறு வருஷமே நெல்டாவுக்கு மறதி முற்றியது. முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு அண்ணனை மறந்தாள். ஒரு பனிக்கால விடியலில் செருப்பில்லாமல் தெருவில் நின்றாள். மெர்லுக்கு வேறு வழி தெரியவில்லை. சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து அழுதார். தினமும் போய் ஊட்டிவிட்டு வருவார். அதுவும் மார்ச் மாதம் நின்றது. கொரோனா வந்து இல்லத்தின் கதவைச் சாத்தியது, அதே வாரத்தில் கூடைப்பந்தையும் நிறுத்தியது. நெல்டா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

கோடைக்காலத்தில் ஆட்டங்கள் திரும்ப ஆரம்பித்தன. வீரர்களையெல்லாம் ஃபுளோரிடாவில் ஓரிடத்தில் அடைத்துவைத்து, ஈ காக்கை இல்லாத அரங்கில் ஆடவிட்டார்கள். ரசிகர்களுக்குப் பதிலாகச் சுவரெல்லாம் திரை வைத்து, அதில் வீட்டிலிருக்கிறவர்களின் முகங்களைக் காட்டினார்கள். இவ்வளவு செய்தும் டிவியில் பார்க்கிற கூட்டம் குறைந்துகொண்டே போவதாகச் செய்தி வந்தது. டுவைட் விடுவானா? உடனே போன் போட்டான்.

"மாப்ளே, பேப்பர் பாத்தியா? உன் கூடைப்பந்தை நாதியில்லாம போட்டுட்டாங்களாமே. ஊர்ல ஒருத்தனும் பாக்கலியாம்!"

"யாரு சொன்னா? நான் பாக்கறேன்."

"நீ ஒரு ஆளு பாத்தா ஆச்சா?"

மெர்லுக்கு நுனிநாக்கு வரை வந்துவிட்டது. நான் ஒரு ஆள் இல்லைடா, நான் பல ஆயிரம் வீடு. கடித்து விழுங்கினார். ஆனால் அந்தப் பேச்சு அவரைக் குடைந்தது. எண்ணப்படாதவன் எவன் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? எண்ணப்படுகிறவன் எழுந்து போனால் ஆட்டத்தின் கதி என்ன? இந்த நேரத்தில் அதைக் கைவிடக்கூடாது என்று தோன்றிவிட்டது. ஆகவே அடுத்து வந்த ஆட்டத்தன்று மதியம் சவரம் செய்து, சட்டை மாற்றி, பொத்தானை அழுத்திவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தார். நெல்டாவை விட்டுவிட்டு இப்படி வீட்டில் உட்கார்வது தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இல்லத்திலிருந்து யோலாண்டா பேசினாள். நெல்டாவைப் பார்த்துக்கொள்கிற பெண். வாய் கொஞ்சம் காரம், கை பஞ்சு.

"மிஸ்டர் டீட்ஸ், நீங்க சொன்ன மாதிரி மேட்ச் போட்டு விட்டேன். ஒரு வாய் இறங்கல. டாக்டர் வந்து பாத்தாரு. இந்த வாரமும் இப்படியே போனா ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாங்க. அங்க மேல் மாடி. ஜன்னல் வழியாகூட நீங்க பாக்க முடியாது, சொல்லிட்டேன்."

மெர்ல் டிவியை அணைத்தார்.

"இங்க மத்தவங்க ஜன்னலுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. நீங்க ஏன் வரல?"

"எனக்கு... இங்க ஒரு வேலை இருந்துச்சும்மா."

"என்ன வேலை?"

சொல்ல முடியாது. "மேட்ச் பாத்தேன்," என்றார்.

"நல்லா இருக்கு! அங்க நீங்க ஒத்தையா மேட்ச் பாக்கறீங்க, இங்க அவங்க ஒத்தையா மேட்ச் பாக்கறாங்க. நடுவுல ஒரு சோளக்காடு. யாருக்காக அங்க உக்காந்திருக்கீங்க?"

யாருக்காக என்று மெர்ல் தன்னைக் கேட்டுக்கொண்டார். பல ஆயிரம் வீடு என்று அவரே சொல்லிக்கொண்ட பதில் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்த ஆட்டத்தன்று மடக்கு நாற்காலியோடு நெல்டாவின் ஜன்னலுக்கு வெளியே புல்லில் போய் உட்கார்ந்தார். ஜன்னலைத் திறக்க அனுமதி இல்லை. போனில் பேசினால் நெல்டா மிரண்டாள், அதனால் அதுவும் இல்லை. யோலாண்டா ஒரு காரியம் செய்தாள். டிவியை ஜன்னலுக்குக் கீழே நகர்த்தி, நெல்டாவை அதற்கு எதிரே உட்காரவைத்தாள். நெல்டாவுக்கு டிவியும் தெரியும், அதற்கு மேலே கண்ணாடியில் மெர்லும் தெரிவார். மெர்லுக்குத் தெரிந்ததோ டிவியின் முதுகு. அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன ரேடியோவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ரேடியோவில் பந்து விழுந்தது. மெர்ல் இரண்டு கையையும் தூக்கினார். நெல்டா வாயைத் திறந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மெர்ல் தூக்கிய கையை இறக்க மறந்தார். யோலாண்டா உருளைக்கிழங்கு மசியலை ஒரு கரண்டி ஊட்டினாள், நெல்டா விழுங்கினாள். மறுபடி பந்து, மறுபடி கை, மறுபடி ஒரு வாய். வீடு எது, அண்ணன் யார், இது என்ன வருஷம் என்று எல்லாம் கழன்று போன உடம்பில் இந்த ஒன்று மட்டும் எப்படித் தங்கியது? ஆட்டம் முழுக்க அவர் பார்த்தது அந்த வாயைத்தான். அதைவிடப் பெரிய ஆட்டம் எதையும் அவர் பார்த்ததில்லை.

இப்படிச் சில ஆட்டங்கள் போனபின், கணக்கெடுக்கிற நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "மிஸ்டர் டீட்ஸ், ஒரு விஷயம் கேக்கணும். மேட்ச் நேரத்துல உங்க வீட்டு டிவி ஆஃப்ல இருக்கு. மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் வீட்ல இல்ல."

"முன்னெல்லாம் ஒண்ணு விடாம பாப்பீங்களே. ஆர்வம் குறைஞ்சு போச்சா? நாடு முழுக்கவே குறைஞ்சிருக்கு, அதான் கேக்கறேன்."

டிவியைப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த யோசனை வந்தது. ஆனால் உட்காராத ஆளை உட்கார்ந்ததாகச் சொல்ல மெர்லுக்கு மனம் வரவில்லை.

"நான் டிவி பாக்கலம்மா. அப்படியே எழுதிக்குங்க," என்றார்.

ஒரே ஒரு பயம் மட்டும் அவரை அரித்தது. பருவம் முடிந்துவிட்டால்? நெல்டாவின் கன்னத்தில் அப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அணியோ தோற்பதற்கென்றே ஃபுளோரிடா போனதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தோல்வி, மூட்டை கட்டிவிடுவார்கள். பிறகு பந்து இல்லை. பந்து இல்லையென்றால் வாய் திறக்காது, ஆஸ்பத்திரியின் மேல் மாடிதான். கடைசி ஆட்டத்தன்று மெர்ல் சாமி கும்பிட்டது அணிக்காக அல்ல.

தோற்றார்கள். ரேடியோக்காரன் அடுத்த பருவத்தில் சந்திப்போம் என்று சொன்னபோது மெர்ல் அந்த ரேடியோவைப் புல்லில் வீசி அடித்தார். அந்த நேரம் பார்த்து யோலாண்டாவின் போன் வந்தது. கண்ணாடிக்கு உள்ளே நின்றுகொண்டுதான் பேசினாள்.

"மிஸ்டர் டீட்ஸ், கோவப்படாதீங்க. ஒண்ணு கேக்கணும். உங்க ரேடியோ டிவிக்கு முந்தி ஓடுதா?"

"ஆமா. டிவியில கொஞ்சம் பின்னாடிதான் வரும். எப்பவும் அப்படித்தான். ஏன்?"

"நாலு நாளா எனக்கு ஒரு சந்தேகம். இன்னிக்கு உத்துப் பாத்தேன். டிவியில பந்து விழறதுக்கு முன்னாடியே இவங்க வாயத் தொறக்கறாங்க. அங்க இன்னும் ஒருத்தன் பந்தத் தட்டிக்கிட்டே வரான், இங்க வாய் தயாரா இருக்கு."

மெர்லுக்கு முதலில் விளங்கவில்லை.

"அவங்க டிவியப் பாக்கவே இல்ல, மிஸ்டர் டீட்ஸ். ஒரு நாளும் பாக்கல. உங்களத்தான் பாக்கறாங்க. உங்க பேரு தெரியுமா, நீங்க யாருன்னு தெரியுமா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா பாக்கறது உங்களத்தான்."

மெர்ல் நிமிர்ந்து பார்த்தார். டிவி அதுபாட்டுக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. யோலாண்டா நெல்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்டா கண்கொட்டாமல் மெர்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் கூடைப்பந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. பேப்பர்காரன் எழுதியது சரிதான் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெரிய நாட்டுக்கு ஒரு வீட்டைக் காட்டி அளவெடுக்கிறார்களே, இவள் பார்ப்பதை எந்தப் பெட்டி எண்ணும்? இத்தனை வருஷமும் இவள் பார்த்தது எதை? அவருக்கு மேற்கொண்டு யோசிக்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஆட்டம் இல்லை. மெர்ல் அதே நேரத்துக்கு வந்தார். ரேடியோவைக் கொண்டு வரவில்லை. டிவியை யோலாண்டா மூலைக்குத் தள்ளியிருந்தாள். பக்கத்து ஜன்னலில் தன் தாய்க்காகக் காத்திருந்த ஒரு பெண் இந்தக் கிழவரையே வேடிக்கை பார்த்தாள். மெர்ல் எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், விழாத ஒரு பந்துக்காக இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கி, ஊரே கேட்கும்படி கத்தினார்.

நெல்டா வாயைத் திறந்தாள்.