கேட்டது கிடைக்காதவளின் சாட்சி

கோவளத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்ல நேரம் தருவார்கள். வேலை கிடைத்தவர்களும் மனை வாங்கியவர்களும் காய்ச்சல் விட்டவர்களும் எழுந்து மைக்கைப் பிடிப்பார்கள். ஒன்றும் கிடைக்காதவர்கள் கை தட்டுவோம். போலியோவில் சூம்பிய காலோடு நானும் வருடக்கணக்காகத் தட்டியிருக்கிறேன்.

போன மாதம் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். எல்லார் முன்னாலும் என் காலில் கை வைத்து ஜெபித்துவிட்டு, ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன், விழுந்தேன். "உங்களுக்கு விசுவாசம் பத்தல சிஸ்டர்" என்று மைக்கிலேயே சொன்னார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். பக்கத்திலிருந்த அக்கா புடவையைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கு இன்னா கெடச்சிதுன்னு போற? உக்காரு."

நான் போய் மைக்கை வாங்கினேன்.

"என் காலு அப்டியேதான் கீது. இன்னைக்கும் கேளம்பாக்கத்துலேருந்து பஸ்ல நின்னுகினுதான் வந்தேன். இந்தக் காலோடதான் சண்டே கிளாஸ் எடுக்கறேன். ஆஸ்பத்திரில ஆளில்லாம கெடக்கறவங்களப் போய்ப் பாத்து ஜெபம் பண்றேன். நீங்கள்லாம் கெடச்சதுக்கு நன்றி சொல்ல வர்றீங்க. நான் ஒண்ணும் கெடைக்காமலே வந்துகினு கீறேன். இதுக்குப் பேரு விசுவாசம் இல்லன்னா வேற இன்னா?"

மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போகாமல் எல்லாருக்கும் நடுவே நடந்து என் இடத்துக்குத் திரும்பினேன். வழக்கமாக, ஜெபத்துக்கு இடைஞ்சலாகிவிடுமே என்று ஊன்றுகோலைச் சத்தமில்லாமல் ஊன்றி நடப்பேன். அன்று அப்படி ஊன்றவில்லை.