நாற்பது பக்கத்தில் விடுபட்ட ஒரு வரி

என் தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறாள். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பஞ்சு, கையுறை, கட்டுத்துணி அனுப்பும் கம்பெனி. அங்கே சரக்கு, கிடங்கு, அனுப்புச்சீட்டு எல்லாம் ஒரே பெரிய சாப்ட்வேரில் ஓடுகின்றன. திரையில் "அமைப்பு விவரம் இல்லை" என்று சிவப்பாக வந்தால், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று தேடி நிரப்புவதுதான் அவள் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "அவங்களைக் கூப்பிடுங்க" என்று நாலு பேர் சொல்வதே அவளுக்கு மாலை மரியாதை.

போன வருடம் முப்பது வயதில், கண்ணாடி போட்ட ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். தங்கை அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தாள்.

"அவ என்ன பெரிய இவளா? நான் மூணு மணி நேரம் தேடுறதைப் பத்து நிமிஷத்துல எடுத்துடுறா அக்கா."

"அப்போ பெரிய இவதான்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மேனேஜர் எல்லோரையும் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னார். தங்கை நாற்பது பக்கம் எழுதினாள். ஒன்றை மட்டும் விட்டாள். ஒவ்வொரு கிடங்குக்கும் அனுப்புச்சீட்டு எண் எதிலிருந்து எதுவரை என்று ஒரு வரி போட வேண்டும். பழைய கிடங்கின் அமைப்பை நகலெடுத்துப் புதியதைத் திறந்தால் மற்றதெல்லாம் கூடவே வரும். இந்த எண் வரிசை வராது. கையால்தான் போட வேண்டும். அவள் மறக்கவில்லை. கண்ணாடிக்காரி ஒரு நாளாவது திணறட்டும் என்றுதான் விட்டாள்.

புதுக் கிடங்கு ஒரு திங்கட்கிழமை திறந்தது. முதல் சீட்டே அச்சாகவில்லை; சீட்டு இல்லாமல் சரக்கு வெளியே போகாது. கண்ணாடிக்காரி பழைய கிடங்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன; எண் வரிசை இருப்பது வேறொரு திரையில். செவ்வாய் மதியம் தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"முழிக்கிறா அக்கா! ஆந்தை மாதிரி முழிக்கிறா!"

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு மேற்பார்வை பார்க்கிறேன். "எங்களுக்கு வர வேண்டிய கட்டுத்துணி வரலயே. அதுவும் அந்தக் கிடங்குலேருந்துதானா?"

"ஆமா" என்று இழுத்தாள்.

"இங்க நாலு பேருக்குப் படுக்கைப் புண். நாளை சாயங்காலம் வரைக்கும்தான் துணி இருக்கு. போய் சொல்லுடி."

"அவளே கண்டுபிடிக்கட்டும். அவ்வளவு கெட்டிக்காரியாச்சே!" போனை வைத்துவிட்டாள்.

புதன் காலை கண்ணாடிக்காரி ஒரு தாளோடு தங்கையின் மேஜைக்கு வந்தாள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று சாப்ட்வேரே பதிந்துவைத்த பட்டியல் அது.

"மேடம், எல்லாக் கிடங்குலயும் எண் வரிசையை நீங்கதான் போட்டிருக்கீங்க. உங்க குறிப்புல அது இல்ல."

தங்கை தாளை வாங்கிப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"நாப்பது பக்கம் எழுதுறப்போ ஒண்ணு விட்டுப்போறது சகஜம்தானே? புதுசுக்கு எந்த எண்ணுலேருந்து குடுக்கலாம்? வேற கிடங்கு எண்ணோட மோதிடக் கூடாது."

தங்கை சொன்னாள். கண்ணாடிக்காரி போட்டாள். சீட்டு அச்சாகி வந்தது. மேடம் உதவியால் சரியானது என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினாள். மாலைக்குள் எங்கள் பெட்டிகள் வந்துவிட்டன.

தங்கை என் வீட்டுக்கு வந்து பொருமினாள். "வேணும்னே விட்டேன்னு அவளுக்குத் தெரியும் அக்கா. என்னைக் காட்டிக் குடுத்திருந்தா நிம்மதியா திட்டியிருப்பேன். நல்லவளாவும் இருக்கா பாரு, என்ன கொழுப்பு!"

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீயே மேனேஜர்கிட்ட போய் சொல்லு."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

மறுநாள் விடுபட்டதை எழுதிக் கொடுத்தாள். மேனேஜரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கிடங்கிலிருந்து வந்த அழைப்பை அவள்தான் எடுத்தாள். அவர்கள் கண்ணாடிக்காரியைக் கேட்டார்கள். "இருங்க, குடுக்கிறேன்" என்று கொடுத்தாளாம்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் குடுத்தேன்" என்றாள் என்னிடம்.