களிக்குக் கீழே

நான் கிணறு வெட்டியவன். பள்ளிக்கூடம் இரண்டு வருடம் போனேன். இது நடந்தபோது பதினெட்டு வருடமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர்ப் பக்கம் எங்கே வெட்டலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம். குழியில் நீலக் களிமண் வந்துவிட்டால் அதன்மேல் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறிவிடுவோம். அதற்குக் கீழே தண்ணீர் கிடையாது என்பது கணக்கு. என் அப்பா அப்படித்தான் ஏறினார். நானும் நாலு குழியில் ஏறியிருக்கிறேன்.

ஒரு கோடையில் ஏரி வற்றிவிட்டது. புருஷன் போனபின் தனியாகப் பயிர் பார்த்துவந்த ஒரு அம்மா கரும்பு போட்டிருந்தார். தோகை காய ஆரம்பித்துவிட்டது. பத்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அடுப்புக்குத்தான் ஆகும். நான் இடம் காட்டினேன். நானும் என் தங்கை புருஷனும் வெட்டினோம். ஐந்தாம் நாள் களி வந்தது. கற்பூரத்தை எடுத்தேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, அதுக்குள்ள பூசையா?"

"களி வந்துடுச்சிம்மா. இங்க தண்ணி இல்ல."

"களிக்குக் கீழ இன்னா கீதுன்னு நீ பாத்துகீறியா?"

"இல்லம்மா."

"உங்கப்பா?"

"இல்ல."

"யாருமே பாக்கல, அப்புறம் யாருக்குய்யா கற்பூரம் காட்டுற? வெட்டு."

வெட்டினோம். களி மண்வெட்டியை விடாது. மச்சான் என்னைத் திட்டிக்கொண்டே வெட்டினான். மூன்றாம் நாள், களிக்குள் ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தோம். அவன் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது. சுற்றி மணல் கொப்பளித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"வுட்டுட்டு ஏறு மச்சான்!"

"ஒங்கப்பன் குடுத்த கடப்பாரை! வுட்டுட்டு வந்தா ஒன் தங்கச்சி வூட்டுல சேக்க மாட்டா!"

அவனை இழுத்து ஏற்றினேன். கடப்பாரை அங்கேயே நின்றுவிட்டது. அப்பா இறங்காத இடம் அது.

கரும்பு பிழைத்தது.

எனக்கு அந்த நாலு குழிகள் உறுத்தின. கரிக்கலாம்பாக்கத்தில் இருந்த குழிக்கு முதலில் போனேன். குப்பை கொட்டி வைத்திருந்தார்கள். நிலத்துக்காரர் சிரித்தார்.

"அன்னிக்கு சூடத்த ஏத்திட்டு இல்லன்னு சொல்லிட்டுப் போனியேடா. இப்ப மட்டும் எப்படி வரும்?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாதுங்க."

என் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு இறங்கினேன்.

நாலில் இரண்டில் தண்ணீர் வந்தது. மற்ற இரண்டில் வெட்ட வெட்டக் களிதான். இத்தனை முழம் வரைக்கும் வெட்டிப் பார்த்தேன், அதுவரைக்கும் தண்ணீர் இல்லை என்று அந்த நிலத்துக்காரர்களிடம் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.