யார் போனிலிருந்து வந்தது

அறந்தாங்கியில் ஒரு சிமெண்ட், கம்பிக் கடையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு நாக்கு நீளம் என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். பாக்கிக்காரர்களிடம் பேச அது தோதாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் பேங்கில் பணம் விழுந்தால் யாருடையது என்று நானே பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் பணத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், அனுப்புகிறவர் இன்னொருவர். ஆண்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஊரில் உள்ள பெண்கள் ரொக்கத்தைக் கொண்டுபோய், போனில் பணம் அனுப்பத் தெரிந்தவரிடம் கொடுத்து, "கடைக்குப் போட்டுவிடுங்க" என்பார்கள். அவரும் போட்டுவிட்டு, எந்த வீட்டுப் பணம் என்று குறிப்பில் ஒரு வார்த்தை எழுதுவார். அதைப் பார்த்துத்தான் வரவு வைப்பேன், புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்பேன்.

போன வருடம் முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். பேங்க் கணக்கை அதுவே படித்து, அனுப்பியவர் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரில் உள்ள வாடிக்கையாளர் கணக்கில் அதுவே சேர்த்துவிடும். நான் சரி என்று தட்டினால் போதும். முதல் வாரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. அப்புறம் மொத்தத்தையும் ஒரே தட்டாகத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போக ஆரம்பித்தேன். குறிப்பை அது படிக்காது. நானும் படிப்பதை விட்டேன்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கணவர் குவைத்தில். சுவர் எழும்பிவிட்டது, மேலே காங்கிரீட் போடக் கம்பி கேட்டாள். கணக்கைத் திறந்தால் இரண்டு மாதமாக ஒரு பைசா வரவில்லை. போன் செய்தேன்.

"கட்டிட்டேங்க்கா. ரெண்டு தடவை கட்டிட்டேன்."

"யாரு மூலமா கட்டுனீங்க?"

அதைச் சொல்லாமல், "கட்டிட்டேங்க்கா, நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

யார் மூலம் என்று சொல்ல வாய் வராதவள் எங்கே கட்டியிருக்கப் போகிறாள் என்று எனக்கு எரிச்சல். பாக்கியை அடைத்தால்தான் கம்பி என்று சொல்லிவிட்டேன். சாஃப்ட்வேர் தன் பங்குக்கு வாரம் ஒரு முறை பாக்கி மெசேஜ் அனுப்பியது. கணக்கு கணவர் பெயரில் இருந்ததால் அது குவைத்துக்குப் போனது. நான் அனுப்பிய பணமெல்லாம் எங்கே என்று அவர் கேட்க, மாமியாரும் சேர்ந்துகொள்ள, அந்த வீட்டில் அவளைக் காசு திருடியாகவே ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, அதே ஊரில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர் வந்தார். அவரும் எங்களிடம் சிமெண்ட் வாங்குகிறவர்தான். தன் பாக்கியைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்னங்க, இம்புட்டுக் கம்மியா இருக்கு? அந்தக் குவைத்துக்காரர் வீட்டுத் தங்கச்சி குடுத்த காசையும் எனக்கே வரவு வச்சுட்டீங்களா? குறிப்புல எழுதித்தானே விட்டேன்."

அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரவிலும் அவள் வீட்டு அடையாளம் எழுதியிருந்தது. எடுத்து அவள் கணக்கில் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கிளம்பும்போது, "நான் போட்டுவிட்டேன்னு வீட்டுக்குத் தெரிய வேணாம்னு அந்தத் தங்கச்சி சொல்லுச்சு. வரப்புத் தகராறுல அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லைங்க. ஊருல போன்ல காசு போடுற கடை என்னுது ஒண்ணுதான், அது என்ன செய்யும்?" என்றார். காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை.

"மாத்தியாச்சுல்ல, விடு. இதை யார்ட்டயும் போயிச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார் முதலாளி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம் தப்புக்கு ஒருத்தி திருடிப் பட்டம் வாங்குவாள், நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? அப்போதே குவைத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒங்க வீட்டுல ஒழுங்காப் பணம் கட்டிருக்காங்க. தப்பு எங்க மேல. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

"யாரு போன்லேருந்து வந்துச்சு?" என்றார்.

கேட்ட கணக்குக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். திரையைப் பார்த்து, பெயர், தேதி, தொகை என்று ஒன்றுவிடாமல் படித்தேன். அவள் பக்கம் நின்று சாட்சி சொல்கிற சந்தோஷத்தில் என் குரல்கூட உயர்ந்திருந்தது.

"எத்தனை தடவை?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவைண்ணே."

போனை வைத்துவிட்டார். ரீசார்ஜ் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். கையில் துணி அடைத்த கட்டைப்பை. பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வெளியே வண்டியில் நின்றார். கம்பி வேண்டாம், ஆர்டர் எழுதியதை அடித்துவிடுங்கள் என்றாள். நல்லதென்று நினைத்துத்தான் பேசினேன் என்று ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை.

"காசை எடுத்துட்டேன்னு திட்டுனாக. அது ஒரு திட்டு, நாளைக்குப் போயிரும். இப்ப அந்த ஆளையும் என்னையும் சேத்துல்லக்கா பேசுறாக. பாக்கின்னே விட்டுருக்கலாம்ல?"