தவறிட்டாரு என்ற ஒரு சொல்

ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் என் கையில் ஓர் இளநீரைத் தந்து, அதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார்கள். குழலை இப்படிப் பிடியுங்கள், மெதுவாக உறிஞ்சுங்கள் என்று வரவேற்பு மேசைப் பெண் செய்தும் காட்டினாள். நான் பிறந்த வீடு அங்கிருந்து அதிக தூரமில்லை. "தெரியும் தங்கச்சி, நான் கற்பிட்டிதான்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "சேர் நல்லாத் தமிழ் கதைக்கிறீங்க" என்றாள். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயருக்குக் கீழே நோர்வே என்று அச்சிட்டிருந்தது. அட்டையை நம்பாமல் என்னை நம்ப வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து?

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரைபெயர்ப்பாளர்களுக்குமான மூன்று நாள் மாநாடு அது. வெளியே வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க, உள்ளே குளிரூட்டிய மண்டபத்தில் நாங்கள் சொற்களைப் பற்றிச் சொற்களால் கதைத்துக்கொண்டிருந்தோம். நோர்வேயில் எங்களைத் தொல்க் என்பார்கள். கொழும்பில் இருந்து வந்திருந்த சிங்கள நண்பர், தங்கள் தோல்க்க என்ற சொல்லும் அதே சொல்தான், கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர் விட்டுப்போனது என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன். உண்மையைச் சொல்வதானால் நான் மாநாட்டுக்காக வரவில்லை. பக்கத்தில் மாம்புரியில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் சொல்லாத ஒன்றை, அவள் சொன்னதாக நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளத் துணிவில்லாமல் ஆறு வருடங்களை ஓட்டியாயிற்று. மாநாட்டு அழைப்பில் ஆலங்குடா என்ற பெயரைப் பார்த்தபோது, இனியும் ஒளிக்க முடியாது என்று தோன்றியது.

இரண்டாம் நாள் மதியத்துக்குப் பின் ஓர் அமர்வு. உங்கள் வேலையில் நடந்த வேடிக்கையான பிழை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். என் முறை வந்தபோது, நான் 'ஓம்' கதையைச் சொன்னேன். நோர்வேயின் பேர்கன் நகர மருத்துவமனை ஒன்றில், நம்மவர் ஒருவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்றாராம். நான் போய்ச் சேர முன்னரே தாதி அவருடைய படிவத்தில், நோயாளி அடிக்கடி தியானம் செய்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தாள். மண்டபம் சிரித்தது. எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. அந்தக் கைதட்டலோடு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. தேநீர் இடைவேளைக்குக் காத்திராமல் வெளியே வந்து மாம்புரிக்கு ஒரு த்ரீவீலைப் பிடித்தேன்.

அவள் பெயரை ரிஸ்மியா என்று வைத்துக்கொள்ளுங்கள். நோர்வேயில் அவள் புகலிடம் கேட்டு விசாரணைக்கு வந்த நாளில், புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று தேடி என்னை அழைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை. யாழ்ப்பாணத்து ஆட்கள் நிறைந்த அந்த ஊரில், எங்கள் கரைக்கென்று ஒரு தொல்க் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. கடை எரிந்ததையும், மகளை உம்மாவிடம் விட்டுவிட்டுக் கணவனோடு புறப்பட்டதையும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, "எல்லையில ஏஜென்சிக்காரங்க காட்டுக்குள்ள ஓடச் சொன்னாங்க. என்ட மாப்புள அதுல தவறிட்டாரு" என்று சொல்லி அழுதாள். நான் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. என் கணவர் அங்கே இறந்துவிட்டார் என்று நோர்வே மொழியில் சொன்னேன். எங்கள் தொழிலில் அப்படித்தான், அவளுடைய 'என்' எனக்கும் 'என்'தான். அதிகாரி கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அழுகின்ற பெண்ணுக்கு இறந்த கணவன் பொருந்திப் போனான்.

எங்கள் வீடு கத்தோலிக்க மீனவ வீடு. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை. அம்மா ஒருபோதும் செத்துப்போனார் என்று சொன்னதில்லை. "அப்பா தவறிட்டார்" என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், கறுப்பும் உடுத்தாள். எங்கள் வீட்டில் தவறியவர் வருவதில்லை. ஆனால் முஸ்லிம்கள் மரணத்துக்கு மௌத்து என்பார்கள். கூட்டத்தில் கை நழுவிப் பிரிந்த பிள்ளையைத்தான் தவறிட்டு என்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. அவர்களோடுதான் பள்ளிக்கூடம் போனேன், பந்து அடித்தேன். ஆனால் அன்று என் காதில் கேட்டது அம்மாவின் குரல். விசாரணை முடிவில் அறிக்கையை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நோர்வே மொழியில் இறந்தார் என்று இருந்த இடத்தை, அவளை நோகடிக்கக் கூடாதே என்று மரியாதையாகத் "தவறிட்டார்" என்று வாசித்தேன். அவள் "ஓம்" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வருடத்தின் பின் இரண்டாவது சந்திப்பு. கணவன் நவ்பர் கிரேக்க நாட்டில் உயிரோடு இருந்தான், மனைவியோடு சேர விண்ணப்பித்திருந்தான். அதிகாரி பழைய அறிக்கையை விரித்து வைத்து, அன்று இறந்துவிட்டார் என்றீர்கள், இன்று இருக்கிறார் என்கிறீர்கள், எது பொய் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "அல்லாவே! அவரு மௌத்தெண்டு நான் எப்பச் சொன்ன? தவறிட்டாருண்டுதானே சொன்ன!" என்றாள் ரிஸ்மியா. நான் செய்த பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிழை விட்டால் தொல்க் கையை உயர்த்தித் திருத்த வேண்டும். முதல்நாள் வகுப்பிலேயே சொல்லித் தருவது அது. நான் கையை உயர்த்தவில்லை. பயம், வேறு பெயர் தேடத் தேவையில்லை. அவள் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி அவளுடைய கையெழுத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். இரண்டு பேருடைய விண்ணப்பமும் விழும் என்று அப்போதே விளங்கிவிட்டது, பிறகு அப்படியே விழுந்தது. "நான் ஊருக்கே போறன் அண்ணன்" என்றாள் வாசலில். "நம்மட பக்கத்து ஆள் நீங்க இருந்ததே பெரிய ஆறுதல்."

அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னை விட்டபாடில்லை. பனி கொட்டும் தரிப்பிடத்தில் யாராவது ஒரு தமிழர் "பஸ் தவறிட்டுது" என்றால் திரும்பிப் பார்ப்பேன். அவள் நிற்பாள் போல இருக்கும். பூசையில், கடையில், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் எல்லாம் அது வந்து நின்றது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வேலை இரகசியம் என்று விதியின் பின்னால் நின்றுகொண்டேன். விசாரணை அறையில் அவள் சொன்ன முகவரியை வைத்து மாம்புரிக்குப் போன அன்றுதான் அந்த விதியை முதன்முதலாக மீறினேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் விசாரித்தபோது வீட்டைக் காட்டினார்கள். ரிஸ்மியா முற்றத்தில் சாக்கை விரித்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். என் முகம் நினைவில்லை, குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். "நோர்வே அண்ணனா?" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"தங்கச்சி, தவறிட்டாரெண்டு நீங்கள் சொன்னதை, செத்திட்டாரெண்டு சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் குந்தி, இன்னும் நாலைந்து தாள்களை அறுத்தாள்.

"அப்ப அது என்ட வாயால வந்ததில்ல."

"இல்லை."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நான் பயந்து வந்த கேள்வி அதுதான். "ரெண்டாந்தரம் நீங்கள் வந்த அண்டைக்கே."

"அண்டைக்கு நான் உங்களுக்கு அல்லாட்ட துஆ கேட்டுட்டுத்தான் போன" என்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அத பொறகு பாப்பம். இத அவருக்குச் சொல்லுங்க. நான் அவர மௌத்தாக்கிட்டு அங்க இரிக்கப் பாத்தேனாம். உசிரோட அவர அடக்கிட்டேனாம். நோர்வேயால அவருக்கு வந்த கடிதத்துல அப்படித்தானே எழுதி அனுப்பினாங்க. இன்னும் கிரீஸ்லதான், போன்ல மகளோட மட்டும்தான் கதைக்கிறாரு. ஆறு வருசம் அண்ணன்."

வீட்டுக்குள் போய் மகளின் போனை எடுத்து வந்து, எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி என் முன்னால் பிடித்தாள்.

"சொல்லுங்க மகள்" என்றது நவ்பரின் குரல்.

நான் யாரென்று சொன்னேன். பிறகு, "உங்கட மனிசி அப்பிடிச் சொல்லேல்லை. அது என்ர பேச்சு. நான்தான் பிழையாச் சொன்னனான்" என்றேன். இத்தனை வருடமும் எத்தனையோ பேருக்காக 'நான்' என்று சொன்ன வாய், எனக்காக ஒரு தடவை சொல்வதற்குள் உலர்ந்துபோனது.



"நீங்க யாழ்ப்பாணமா?" என்று கேட்டான் நவ்பர். "கதையிலயே தெரியுது. அதானே, யாழ்ப்பாணத்து ஆளுக்கு எங்கட கதை எப்படி வெளங்கும்?" குரல் இளகியிருந்தது. நோர்வேயில் யாழ்ப்பாணத்து ஆட்களோடு பழகிப் பழகி என் 'என்ட' எப்போதோ 'என்ர' ஆகிவிட்டிருந்தது. அவன் எனக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டிருந்தான். ஓம் என்றால் போதும், மூவருக்கும் சுகம். ரிஸ்மியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை" என்றேன். "நான் கற்பிட்டி."

"கற்பிட்டியா?" அவன் குரல் மாறியது. "கற்பிட்டியில பொறந்துட்டு, உங்களுக்கு இது வெளங்கல்லியா?"

ரிஸ்மியா போனை இன்னும் கொஞ்சம் என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். விளங்கியும் பயந்து மறைத்தேன் என்று என் நாவுக்கு முதலில் வந்த பதில் நோர்வே மொழியில் இருந்தது. அதைத் தமிழில் சொல்ல அந்த முற்றத்தில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.