ஆறு நாள் பற்றறி

தபால் கந்தோரில் தந்திக் கருவி திருத்திக்கொண்டிருந்த சிற்றம்பலம், வேலையை விட்டுவிட்டு, கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குளத்தடிக் குடியேற்றத்தில் வயற்காணி எடுத்து வந்தார். இரண்டாம் மாரியிலேயே குளம் நிரம்பி வான்பாய்ந்து நாலு வீடுகள் அடிபட்டுப் போயின. அன்றிலிருந்து அவருக்கு நிம்மதியான நித்திரை இல்லை.

குளத்தில் ஒரு மிதவையை விட்டு, அங்கிருந்து வீடுவரை மரங்களில் கம்பி இழுத்தார். கம்பியில் எந்நேரமும் மின் ஓடும். வீட்டில் ஒரு ரிலே. அதன் சுருள் அந்த மின்னால் காந்தமாகி ஓர் இரும்பு நாக்கைப் பிடித்திருக்கும். நீர் மட்டம் ஏறினால் மிதவை இணைப்பைப் பிரிக்கும். நாக்கு விழும், மணி அடிக்கும். கேட்டதும் அயலெல்லாம் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறவேண்டும். மணிக்கு மின் கொடுக்கத் தனிப் பற்றறி.

கம்பிக்குரிய பற்றறிகளோ ஆறு நாளில் செத்துவிடும். 1963 மார்கழியில் தெருவை வெள்ளம் மூடி, கடைக்குப் போக வழியில்லாதபோது கையில் இருந்தது கடைசித் தொகுதி.

"இஞ்சாருங்கோ, ஏன் எந்த நேரமும் ஓடவேணும்? தண்ணி வந்தால் மட்டும் ஓடவிடலாமே?" என்றாள் மனைவி நாகேஸ்வரி.

"அப்ப கம்பியை யானை அறுத்தாலும் மணி பேசாமல் கிடக்கும். குளம் சுகமோ, கம்பி செத்ததோ எண்டு எப்பிடித் தெரியும்?"

அன்று முழுக்க ரிலேக்கு முன்னால் குந்தியிருந்தார். நாக்கை இழுக்கத்தான் நிறைய மின் வேண்டும். இழுத்தபின் பிடித்திருக்கக் கொஞ்சம் போதும். பழைய ரேடியோவில் கழற்றிய, மின்னைக் குறைக்கும் தடைக்கம்பியை, நாக்கு ஒட்டிய பிறகு, சிறிது சிறிதாகச் சுற்றில் சேர்த்தார். நாக்கு விழுந்ததும் ஒரு விரற்கடை குறைத்தார். மின் காற்பங்காகியது. இனி மூன்று கிழமைக்கு மேல் தாங்கும்.

ஆனால் கதவை அடித்துச் சாத்தினாலே நாக்கு விழுந்தது. ரிலேக்குக் கீழே சாக்கை மடித்து வைத்தார். வீட்டில் உலக்கை போடவும் விடவில்லை. அப்படியிருந்தும் இடி முழக்கத்துக்கு இரண்டு தரம் மணி அடித்தது. பக்கத்துக் காணி வீரகத்தி பிள்ளைகளோடு மழையில் நனைந்து ஓடிவந்தார்.

"இன்னும் எத்தினை தரம் அண்ணை ஓடுறது?"

சிற்றம்பலத்துக்கு முகம் செத்துவிட்டது. அன்றே தடையைக் குறைத்தார். நாக்கு உறுதியாய் ஒட்டியது. பற்றறி இரண்டு கிழமைக்குத்தான் வரும். மழை அதற்குள் விடுமா? மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழுந்து நாக்கைப் பார்த்தார்.

பத்தாம் நாள் காலை மணி அடித்தது. இடி இல்லை, காற்றும் இல்லை.

வீரகத்தி வேலியடியில் நின்றார். "இதுவும் சும்மாவோ அண்ணை?"

"தெரியாது. வாரும்!"

வீரகத்தி தயங்கினார். நாகேஸ்வரி அவருடைய சின்ன மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மேட்டை நோக்கி நடந்தாள். வீரகத்தி மற்றவர்களையும் கூப்பிட்டபடி பின்னால் ஓடினார்.

ஒரு மணித்தியாலத்தில் வீட்டு வளவுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். வீரகத்தியின் மண்சுவர் கரைந்து விழுந்தது. மேட்டில் நின்ற சிற்றம்பலம் ஆட்களை எண்ணினார். முப்பத்தொரு பேர், ஒருவரும் குறையவில்லை. அவர் திரும்பவும் முதலில் இருந்து எண்ணினார்.